ஒற்றைக் கைக்குக் கட்டின கம்பு

லைட் கிராங்க் பெய்ட்டுக்கு எந்த பிளாங்க் நல்லது, எந்த கைடு போடலாம் என்று கேட்டு யாராவது எனக்குப் போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். கண்ணில் புரை விழுந்து நான் தூண்டில் கம்பு கட்டும் வேலையை விட்ட பிறகுதான் இந்தத் தொல்லை அதிகம். வேலை செய்தபோது ஒருத்தரும் எதையும் கேட்கவில்லை. போன வாரம் ஒரு தம்பி பேசினான்.

"ஆன்ட்டி, ஜப்பான் கைடுக்கு ஆர்டர் போட்டு மாசக்கணக்கா ஆவுது. கம்பு கட்டாம கிடக்குது. காத்திருக்கலாமா, இல்ல கையில இருக்குற சாதா கைடே போட்டுடலாமா?"

அவனைக் கன்னாபின்னா என்று திட்டிவிட்டேன். பாவம், அவனுக்கு எதற்கு என்று தெரியாது. "சாரி ஆன்ட்டி" என்று வைத்துவிட்டான். அவனுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததைச் சொல்லுவேன்.

பிளாங்க் என்பது மொட்டைக் கம்பு. கைப்பிடியும் இருக்காது, ரீல் உட்காரும் இடமும் இருக்காது. அதன்மேல் தூண்டில் நரம்பு ஓடுவதற்கு வரிசையாக வைத்து நூலால் சுற்றிக் கட்டும் வளையங்கள்தான் கைடு. கிராங்க் பெய்ட் என்பது பிளாஸ்டிக்கில் செய்த பொடிமீன். மூக்கில் ஒரு தகடு இருக்கும். ரீலைச் சுற்றினால் தலையைக் குத்திக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி உடம்பை ஆட்டும். கொடுவா அதை நிஜ மீன் என்று நம்பி அடிக்கும். இவ்வளவுதான் விஷயம். இதில் பெரிய வித்தை இருப்பதாகப் பேசுகிறவர்கள் பாதிப்பேர் ஆற்றங்கரைக்கே போகாதவர்கள்.

நான் இந்த வேலைக்கு வந்தது தையலில் இருந்து. காரைக்காலில் ஒரு தையல் கடையில் புடவைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். பிற்பாடு எனக்கு முதலாளியான முசியே அங்கே சட்டை தைக்க வருவார்; முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் ஒரு சொல்தா. பிரான்சில் இருந்தபோது ஏரிகளில் தூண்டில் போட்டுப் பழகி, கம்பு கட்டவும் கற்றுக்கொண்டு, அந்தப் பைத்தியத்தோடு ஊருக்குத் திரும்பியிருந்தார். பக்கத்திலேயே தருமபுரத்தில் தன் வீட்டின் பின்கட்டைப் பட்டறையாக்கினார். நான் ஓரம் அடிப்பதை ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "நூல் ஒண்ணுமேல ஒண்ணு ஏறாம சுத்துவியா?" என்று கேட்டார். "ஏறினா ஓரம் எப்படி நிக்கும்?" என்று திருப்பிக் கேட்டேன். அடுத்த மாதம் அவர் பட்டறையில் இருந்தேன். கற்றுக்கொண்ட கதையெல்லாம் யாருக்கும் தேவையில்லை. விரல் கிழிந்தது, பிறகு காய்த்தது.

முசியே சத்தம் போட மாட்டார். எனக்கு அதுதான் எரிச்சல். தப்பு செய்தால் திட்டினால் நானும் திருப்பிப் பேசி முடித்துவிடுவேன். அவர் கம்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார், சின்ன பிளேடை எடுப்பார், நான் காலை முழுக்கச் சுற்றியதை ஒரே கீறலில் அறுப்பார். "துஸ்மான், புஷ்பம்" என்பார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உச்சந்தலை சூடாகும்.

ஆனால் வேலை தெரிந்த மனிதர். வாடிக்கையாளர் வந்தால் கம்பைப் பற்றிப் பேச மாட்டார். எங்கே நிற்பீங்க, கரையா படகா, என்ன மீனு, நின்னுக்கிட்டா உட்கார்ந்துக்கிட்டா என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பிறகு ஒரு பிளாங்கை எடுத்து அவர் கையில் கொடுத்து, நுனியில் மணல் போட்ட டப்பாவைத் தொங்கவிடுவார். கம்பு எப்படி வளைகிறதோ அந்த வளைவைச் சுவரில் பென்சிலால் இழுப்பார். அடுத்த பிளாங்க், அடுத்த கோடு. எந்தக் கோட்டில் அந்த ஆளின் முகம் இளகுகிறதோ அந்தக் கம்பு. எங்கள் மேற்குச் சுவர் முழுக்க இப்படி வளைந்த கோடுகள்தான். வெள்ளையடிக்க விடமாட்டார்.

பெங்களூரில் இருந்து ஒரு கம்ப்யூட்டர் பையன் வந்து, நூலிலேயே தன் காதலி பெயரைச் சுற்றித் தரச் சொன்னான். "கம்பு வளையிறப்ப பேரு ஒடஞ்சி போவும். அப்புறம் அந்தப் பொண்ணு என்னைக் கேக்கும்" என்று முசியே முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னார். நான் உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

இப்போது ஜப்பார் பாய் விஷயத்துக்கு வருகிறேன்.

ஜப்பார் பாய்க்கு ஊர் திருமலைராயன்பட்டினம். நாங்கள் பட்டினம் என்றுதான் சொல்லுவோம். வளைகுடாவில் இழுவைப் படகில் பல வருஷம் வேலை பார்த்தவர். அங்கே வெள்ளிக்கிழமை லீவில் கிராங்க் பெய்ட் போடப் பழகியிருக்கிறார். ஊருக்கு வந்தபிறகு பட்டினச்சேரி முகத்துவாரத்தில் விடிந்ததும் அவரைப் பார்க்கலாம். எங்களிடம் கம்பு வாங்கியிருக்கிறார். வாங்கினால் குறை சொல்லாமல் போக மாட்டார். "கம்பு நல்லாத்தான் இருக்கு, புஷ்பம். ஆனா உன் மூஞ்சிதான் கடுகடுன்னு இருக்கு. அதைப் பார்த்துட்டு மீன் ஓடிருது" என்பார். "அப்ப என்னைக் கூட்டிட்டுப் போவாதீங்க, கம்பை மட்டும் கூட்டிட்டுப் போங்க" என்பேன்.

அவருக்கு வாதம் அடித்தது. வலது கை, வலது கால் இரண்டும் போயின. பேச்சு குழறியது, ஆனால் புரியும். கோலை ஊன்றி வீட்டுக்குள் நடப்பார். வாசலைத் தாண்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பார்க்க வந்தவர்களையும் திருப்பி அனுப்பினார்.

அவர் மனைவி ஜுலைகா ஆட்டோ பிடித்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். நான் அவரை லாத்தா என்று கூப்பிடுவேன், அவர்கள் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"முசியே, எனக்கு மீன் வேணாம். மார்க்கெட்ல வாங்கிக்கிறேன். அவுங்க சுவத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்காங்க. நேத்து என்கிட்ட, நான் சீக்கிரம் போனா உனக்கு வேலை மிச்சம்ங்கிறாங்க. இடது கை நல்லா இருக்கு. அந்த ஒரு கைக்கு ஒரு தூண்டில் செஞ்சு குடுங்க. அவுங்க வாசலைத் தாண்டணும். அவ்வளவுதான் எனக்கு."

முசியே கையில் இருந்த பிளேடை மேசையில் வைத்தார். பிறகு, "அவரைக் கூட்டிட்டு வாங்க. அளவு எடுக்கணும்" என்றார்.

"வரமாட்டேங்கிறாங்களே."

"அளவு இல்லாம கட்ட முடியாதுன்னு புஷ்பம் சொன்னான்னு சொல்லுங்க. திட்டினான்னும் சொல்லுங்க."

ஜப்பார் பாய் வந்தார். சவரம் செய்துகொண்டு வந்தார். ஆட்டோவில் இருந்து இறங்க நானும் லாத்தாவும் பிடித்தோம். பட்டறைக்குள் வந்து நாற்காலியில் விழுந்ததும் என்னைப் பார்த்து, "மூஞ்சி… இன்னும்… மாறலை" என்றார். என் வாயை அடைத்த ஆள் அவர் ஒருத்தர்தான்.

ஒரு கை ஆளுக்குக் கம்பு கட்டுவது எப்படி என்று இப்போது சொல்கிறேன். போன் செய்கிற பிள்ளைகள் இதைப் படித்துக்கொள்ளுங்கள்.

முதலில், கிராங்க் பெய்ட் அவருக்குச் சரியானது. மற்ற பெய்ட்டுகளுக்குக் கம்பை வெட்டி வெட்டி இழுக்க வேண்டும். இதற்கு வேண்டாம். வீசிவிட்டு ஒரே சீராகச் சுற்றினால் போதும், அதுவே நீந்தும். வீசுவது இடது கையால். வீசியதும் கம்பின் அடியை இடுப்பில் கட்டிய பையில் செருகிவிட்டு, அதே கையால் ரீலைச் சுற்ற வேண்டும். அந்தப் பையைத் தோலில் நான் தைத்தேன். ரீல், கட்டைவிரலால் அழுத்தி விடும் வகை. வளைகம்பி வைத்த ரீல் என்றால் திறக்க இன்னொரு கை வேண்டும்.

அடுத்தது பிளாங்க். எல்லோரும் கார்பன் கார்பன் என்று பறக்கிறீர்கள். முழுக் கார்பன் கம்பு இலேசு, ஆனால் விறைப்பு. கிராங்க் பெய்ட்டில் இருப்பது சின்னத் தூண்டில் முள். கொடுவா அடித்ததும் விறைத்த கம்பு வெடுக்கென்று இழுத்தால் முள் வாயைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். கண்ணாடிநார் கம்பு நிதானமாக நடுவரை வளையும், மீன் நன்றாகக் கவ்வ நேரம் கொடுக்கும். ஆனால் கனம். உட்கார்ந்தபடி ஒரு கையால் வீசுகிறவருக்கு அந்தக் கனம் மணிக்கட்டில் உட்காரும். அதனால் இரண்டும் கலந்த பிளாங்க். முசியே ஒவ்வொன்றாகக் கொடுத்துச் சுவரில் கோடு இழுத்தார். ஜப்பார் பாய் இடது கையால் தூக்கித் தூக்கிப் பார்த்தார். ஒன்றில் அவர் முகம் இளகியது. "இது" என்றார். கோணிய வாயில் அந்த ஒரு சொல் மட்டும் குழறாமல் வந்தது.

பிறகு கைடு. கட்டைவிரல் ரீல் கம்புக்கு மேலே உட்காரும். அதனால் கைடும் மேலே வரும். மீன் இழுக்கும்போது மேலே இருக்கிற கைடு கீழே வரப் பார்க்கும், கம்பு கையில் முறுக்கிக்கொள்ளும். இரண்டு கை இருக்கிறவன் பிடித்து நிறுத்துவான். ஒரு கை ஆள் ரீலைச் சுற்றும்போது கம்பைப் பிடிக்கக் கையே இல்லை. முசியே இதை யோசித்து யோசித்து, கைடுகளைச் சுற்றுப் படிக்கட்டு மாதிரி இறக்கச் சொன்னார். முதல் கைடு மேலே, அடுத்தது கொஞ்சம் பக்கவாட்டில், அடுத்தது இன்னும் இறங்கி, பாதிக்கு மேல் எல்லாம் கம்புக்கு அடியில். அப்போது மீன் எவ்வளவு இழுத்தாலும் கம்பு திரும்பாது. அந்த யோசனைக்காக அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். நான் சைக்கிள் டியூபை நறுக்கி வளையம் வளையமாகப் போட்டு, கைடுகளைத் தற்காலிகமாக நிறுத்தி, நரம்பு ஓட்டி, டப்பாவைத் தொங்கவிட்டு, நரம்பு கம்பில் எங்கே உரசுகிறது என்று பார்த்துப் பார்த்து நகர்த்தினேன். இடம் எல்லாம் அமைந்துவிட்டது.

கைடின் அளவில்தான் வந்தது சனியன். முகத்துவாரத்தில் கல் முழுக்க ஆளிச் சிப்பி ஓடு, நரம்பை அறுக்கும். அதனால் முனையில் தடித்த நரம்பை முடிச்சுப் போட்டுச் சேர்க்க வேண்டும். அந்த முடிச்சு கைடில் சிக்காமல் போகிற அளவுக்கு வளையம் அகலமாக வேண்டும். சிக்கினால் ஒரு கை ஆள் எப்படி எடுப்பார்? வளையம் அகலமானால் கனம் கூடும். நுனியில் கூடுகிற கனம் மணிக்கட்டுக்குத் தெரியும். அகலமாகவும் இலேசாகவும் வேண்டும் என்றால் டைட்டானியத்தில் செய்த ஜப்பான் கைடு. எங்களிடம் இருந்தது எவர்சில்வர் கைடு. நல்ல கைடுதான். அதைப் போட்டு எத்தனையோ பேருக்குக் கட்டியிருக்கிறோம்.

"டைட்டானியம் வரட்டும்" என்றார் முசியே.

ஆர்டர் போட்டார். பார்சல் வரவில்லை. துறைமுகத்தில் நிற்கிறது என்றார்கள், பிறகு வேறு எங்கோ நிற்கிறது என்றார்கள். வெயில் தணிந்து மழைக்காலம் நெருங்கியது. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் முகத்துவாரம் கலங்கிப்போகும், கரையில் நாற்காலி போட முடியாது. லாத்தா போன் செய்துகொண்டே இருந்தார்.

"புஷ்பம், அவுங்க தினம் கொல்லையில உக்காந்து கம்புக்குப் பதிலா ஒட்டடைக் குச்சிய வச்சி வீசிப் பழகுறாங்க. தென்னமரத்தடியில வாளிய வச்சி, குச்சியில நூலு போட்டுக் கட்டின சோப்புக்கட்டி அதுல போய் விழணுமாம். இன்னைக்கு விழுந்துச்சு. புள்ளைய மாதிரி கத்துனாங்க. எப்பத் தருவீங்க?"

நான் முசியேயிடம் போய், "எவர்சில்வரே போடுவோம், முசியே. அவரு காத்திருக்காரு" என்றேன்.

"நுனி தொங்கும்."

"எவ்வளவு தொங்கும்? நாலு அரிசி கனம்."

"வளைவு மாறும், புஷ்பம். அந்த ஆளு ஒரே கையோட இருக்காரு. அவருக்குப் போயி ரெண்டாந்தரமா குடுக்கச் சொல்றியா? கை உள்ளவனுக்கு எதையாவது குடுத்துடலாம். இவருக்கு முடியாது."

அவர் சொன்னதில் அன்பு இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் ஆத்திரம். கெட்ட மனிதராக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்திருப்பேன்.

அவர் புதுச்சேரிக்குப் பென்ஷன் வேலையாகப் போன நாளில், நான் எவர்சில்வர் கைடுகளை எடுத்து அந்தக் கம்பில் கட்டினேன். சைக்கிள் டியூபில் குறித்த அதே இடத்தில், அதே சுற்றுப் படிக்கட்டில். என் வேலைகளில் அதுதான் சுத்தமான வேலை. ஒரு இழை மேலே ஒரு இழை ஏறவில்லை. நூலை இறுக்கும் எபாக்ஸிப் பசை மட்டும் பூசவில்லை. லாத்தாவுக்குப் போன் செய்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று சொன்னேன். மறுநாள் எபாக்ஸி பூசி, கோழி சுடும் மிஷினில் இருந்து கழற்றிய மோட்டாரில் மாட்டிச் சுற்றவிட்டால் வெள்ளிக்குள் காய்ந்துவிடும்.

மறுநாள் நான் போவதற்குள் முசியே பட்டறையில் இருந்தார். கம்பு அவர் மடியில் இருந்தது. கையில் பிளேடு. நூலெல்லாம் தரையில் சுருண்டு கிடந்தது. கைடுகளைத் துடைத்துப் பழைய டப்பாவில் போட்டு மூடிக்கொண்டிருந்தார்.

"நான் பாயை வரச் சொல்லிட்டேன்" என்றேன்.

"பார்சல் கிளம்பிடுச்சாம்."

"வெள்ளிக்கிழம வருவாரு. அவருகிட்ட என்ன சொல்றது?"

"நான் சொல்லிக்கிறேன்."

வெள்ளிக்கிழமை வந்தார். வெள்ளைச் சட்டை, தொப்பி, அத்தர் வாசனை. ஆட்டோவில் இருந்து இறங்க எங்கள் கையைப் பிடிக்கவில்லை. கோலை ஊன்றித் தானே இறங்கினார். இறங்கிவிட்டு, பார்த்தீங்களா என்கிற மாதிரி எங்களைப் பார்த்தார். முசியே வாசலுக்குப் போய் நின்றார்.

"இன்னும் முடியலை, பாய். ஒரு சாமான் வரணும். அது இல்லாம குடுத்தா எனக்கு மனசு ஒப்பாது. கொஞ்சம் பொறுத்துக்குங்க."

ஜப்பார் பாய் பட்டறைக்குள் எட்டிப் பார்த்தார். மொட்டைக் கம்பு ஆணியில் தொங்கியது.

"பொறுக்குறதுக்கு… ஒரு கை… போதும், முசியே" என்றார்.

லாத்தா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். நீதானே வரச் சொன்னாய் என்ற பார்வை. நான் தரையைப் பார்த்தேன். ஆட்டோக்காரர் வண்டியை அணைக்கக்கூட இல்லை, அப்படியே திருப்பிக்கொண்டு போனார்.

அதற்கடுத்த வாரம் ஜப்பார் பாய்க்கு மறுபடியும் வாதம் அடித்தது. இந்தத் தடவை பேச்சு அடியோடு போய்விட்டது. படுத்த படுக்கை. இடது கையில் மட்டும் கொஞ்சம் பிடி இருந்தது. ஆஸ்பத்திரியில், வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கம்பு முன்னாலேயே போயிருந்தால் அது வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. வருவது வந்திருக்கும். ஆனால் அதற்கு முன்னால் ஒரு வாரம் அவர் ஆற்றங்கரையில் உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு வாரம் அவருக்குச் சேர வேண்டியது.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்த அன்று பார்சலும் வந்தது.

முசியே பெட்டியைப் பிரித்து கைடுகளை மேசையில் பரப்பினார். நான் தொடவில்லை. "யாருக்குக் கட்டப்போறீங்க?" என்று கேட்டேன். அவர் நூலை எடுத்துத் தானே சுற்ற ஆரம்பித்தார். வயசான விரல், நூல் ஏறி ஏறி விழுந்தது. பார்க்கச் சகிக்காமல் பிடுங்கி நான் சுற்றினேன்.

பட்டினத்தில் அவர் வீட்டுக்கு இரண்டு பேரும் போனோம். லாத்தா கதவைத் திறந்தார். கம்பைப் பார்த்தார். "இப்ப எதுக்கு?" என்றார். அவ்வளவுதான் கேட்டார். எனக்கு அப்படியே திரும்பிவிடலாம் போல இருந்தது. முசியே, "ஒரு தடவ அவரு கையில குடுத்துட்டுப் போயிடுறேன், அம்மா" என்றார். அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதில்லை. லாத்தா வழிவிட்டார்.

ஜப்பார் பாயின் கட்டில் கொல்லைப்பக்க ஜன்னலோரம் போட்டிருந்தது. கண் திறந்திருந்தது. நான் தோல்பையை அவர் இடுப்பில் கட்டி, கம்பின் அடியை அதில் செருகி, இடது கையை எடுத்துக் கைப்பிடியில் வைத்தேன். விரல்கள் தாமே மூடிக்கொண்டன. கம்பின் நுனி ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

முசியே நரம்பின் முனையைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். என்ன செய்யப் போகிறார் என்று எனக்குப் புரியவில்லை. நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு தென்னைமரம் வரை போனார். நின்றார். திடீரென்று வெடுக்கென்று ஒரு இழுப்பு. கம்பு நுனியில் இருந்து நடுவரை வளைந்தது. ஜப்பார் பாயின் கண் விரிந்தது.

முசியே மீன் மாதிரியே செய்தார். இந்தப் பக்கம் ஓடினார், நின்றார், தலையை ஆட்டுகிற மாதிரி கையை உதறினார், துணி துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினார். இஸ்திரி போட்ட சட்டையோடு, முட்டிவலியோடு, எழுபது தாண்டிய மனிதர். ரீல் கிர்ரென்று நரம்பை விட்டது. கம்பு ஒரு இம்மிகூட முறுக்கவில்லை. ஜப்பார் பாயின் வாய் இடதுபக்கம் மேலே போனது. தொண்டையில் இருந்து ஒரு சத்தம் வந்தது. மரியாதையாகச் சொல்வதென்றால் சிரிப்பு.

லாத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றவர், ஜன்னல் வழியாகக் கத்தினார். "முசியே, மீனுக்கு மூச்சு வாங்குது, விட்டுடுங்க!" ஜப்பார் பாய் "ம்ஹூம்" என்றார். விடக்கூடாதாம்.

அவரால் கம்பைப் பிடிக்கத்தான் முடிந்தது, சுற்ற முடியவில்லை. லாத்தா கட்டிலில் உட்கார்ந்து ரீலின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். அவர் அதற்கு முன்னால் ரீலைத் தொட்டதே இல்லை. நரம்பு உள்ளே வர வர முசியே ஒவ்வொரு அடியாக ஜன்னலை நோக்கி வந்தார். கடைசியில் கை ஜன்னல் கம்பியில் முட்டி நின்றது. மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே பார்த்தார். ஜப்பார் பாய் அவரைப் பார்த்தார். பிறகு ஜப்பார் பாய் கட்டைவிரலால் ரீலை அழுத்தினார். நரம்பு தளர்ந்து தொங்கியது. மீனை விட்டுவிட்டார்.

சில நாளில் அவர் போய்விட்டார். மையத்து வீட்டுக்கு நாங்கள் போனோம். கம்பைத் திருப்பித் தர வேண்டாம் என்று முசியே சொல்ல வாயெடுப்பதற்குள், "அது எங்க வீட்டுலதான் இருக்கும்" என்று லாத்தா சொன்னார். எங்கள்மேல் கோபமா என்று நான் கேட்கவில்லை. கோபம் இருந்திருந்தால் அது நியாயம்.

திரும்பும்போது ஆட்டோவில் முசியே என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பட்டினம் தாண்டியபிறகு கேட்டார்.

"புஷ்பம், நீ மொதல்ல கட்டினியே, எவர்சில்வர் கைடு. அதப் போட்டிருந்தா கம்பு அன்னிக்கு வளஞ்ச மாதிரி வளஞ்சிருக்குமா?"

"வளஞ்சிருக்கும், முசியே."

"வித்தியாசமே தெரிஞ்சிருக்காதா?"

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவருக்குத் தெரிஞ்சிருக்காது."

ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல எனக்கு வராது. வழியில் ஆற்றுப் பாலத்தில் ஏறியதும் முசியே ஆட்டோவை நிறுத்தச் சொன்னார். இறங்கினார். கீழே ஆறு இரண்டு கரையும் தொட்டுச் செம்மண் நிறத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. குடையை என்னிடமே விட்டுவிட்டு, ரோட்டைப் பார்த்துக்கொண்டு தூறலில் நடந்தார். "அவரு தனியா நடந்து வரட்டும், நீங்க போங்க" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னேன்.